எடை குறைந்த கூடாரம்: அவசரத்துக்கும் ஆகணும், முகாமுக்கும் ஆகணும்

கூடாரம் வாங்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் எடையில்தான் தொடங்குகிறார்கள். ஒன்று இரண்டு கிலோ, இன்னொன்று தொள்ளாயிரம் கிராம். சரி, இரண்டாவதே மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலையேற்றத்துக்கு மட்டும் என்றால் அதில் பெரிய தவறு இல்லை. வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளுக்கும் அதே கூடாரம்தான் என்றால் கணக்கு மாறிவிடும். அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கிற இடம் புல்வெளியாக இருக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். பள்ளிக்கூடத்து சிமென்ட் தளமாக இருக்கலாம், வண்டி நிறுத்துகிற தார்த்தரையாக இருக்கலாம், நூறு பேர் படுத்திருக்கும் மண்டபத்தில் ஒரு மூலையாக இருக்கலாம். இருட்டியிருக்கும், தூறல் போட்டுக்கொண்டிருக்கும், வீட்டில் கூடாரம் போடத் தெரிந்த ஒரே ஆள் வேறெங்கோ மாட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே நான் பார்க்கச் சொல்லும் வரிசை வேறு. முளை அடிக்காமல் நிற்குமா? வீட்டில் இருக்கும் யாராலும் போட முடியுமா? மழை உள்ளே வராமல் இருக்குமா? இந்த மூன்றிலும் தேறியவற்றை மட்டும் தராசில் வையுங்கள்.

எப்போது உதவும், எப்போது உதவாது

புயலுக்குக் கூடாரம் மருந்து இல்லை. கடும் காற்றிலும் ஏறிவரும் வெள்ளத்திலும் உறுதியான கட்டடமும் மேடான இடமும்தான் பாதுகாப்பு. மின்னலுக்கும் அப்படித்தான், துணிக்குள் உட்கார்ந்திருப்பதும் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பதும் அதற்கு ஒன்றுதான்.

கூடாரம் கைகொடுப்பது ஆபத்து கடந்துபோன பிறகு வரும் இரவுகளில். 2016 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் குமாமோட்டோ பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஊர் ஓரளவு மூச்சுவிடுவதற்குள் 16ஆம் தேதி அதைவிடப் பெரியது ஒன்று, ஜப்பானின் அளவுகோலில் 7.3. இனி வீட்டுக்குள் எப்படிப் படுப்பது? பின்னதிர்வுக்குப் பயந்து ஏராளமானவர்கள் காருக்குள்ளேயே இரவுகளைக் கழித்தார்கள். காலை மடக்கி, உட்கார்ந்தபடியே பல மணி நேரம் தூங்கியதில் சிலருக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. உயிரும் போனது. 2004இல் நீகாட்டா நிலநடுக்கத்தின்போதும் இதேதான் நடந்திருந்தது. காலை நீட்டிப் படுக்க இரண்டு மீட்டர் இடம் கிடைப்பது அந்த நிலையில் சொகுசு இல்லை, மருத்துவத் தேவை.

மண்டபங்களில் தங்கும்போது வேறொரு பயனும் உண்டு. உடை மாற்ற, குழந்தைக்குப் பால் கொடுக்க, கொசுக்கடி இல்லாமல் தூங்க, யார் பார்வையும் படாமல் கொஞ்சம் அழக்கூட ஒரு மறைவு வேண்டும்.

"இரண்டு பேருக்கு" என்று எழுதியிருந்தால்

நம்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன்; அது எந்த இரண்டு பேர் என்று கேளுங்கள். தயாரிப்பாளர்கள் கணக்கிடும் ஓர் ஆள், ஏறக்குறைய 51 செ.மீ. அகலமும் 183 செ.மீ. நீளமும் உள்ள ஒரு மெத்தை. அப்படி இரண்டை ஒட்டிப் போட்டால் இடம் தீர்ந்தது. அதனால்தான் பெரும்பாலான இரண்டு பேர் கூடாரங்களின் தரை 130 செ.மீ. அகலத்தை ஒட்டியே இருக்கிறது. எடை குறைக்க நினைக்கும் கூடாரங்களில் கால்பக்கம் இன்னும் குறுகி, 110 செ.மீ.க்கும் கீழே போய்விடும். பை, செருப்பு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் அப்போது உங்கள் மேல்தான் படுக்கும்.

இதை வேறொரு அளவோடு வைத்துப் பாருங்கள். நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் கையேடு, ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் தங்குமிடம் வேண்டும் என்கிறது. இரண்டு பேர் கூடாரத்தில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லை. அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு கொடுக்கும் குடும்பக் கூடாரத்தின் உள்தரை 16 சதுர மீட்டர். அதன் எடையோ ஐம்பது கிலோவை ஒட்டியது, லாரியில்தான் வரும். நம் கையில் இருப்பது அந்த லாரி வரும்வரை தாக்குப்பிடிக்கிற சமாச்சாரம். அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

நடைமுறையில் தலைக்கணக்கோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால் மூன்று பேர் கூடாரம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே பெரிய கூடாரத்தைவிட இரண்டு சிறியவற்றையே நான் சொல்வேன். சுமை இரண்டு முதுகுகளில் பிரியும், நெருக்கமான இடத்திலும் ஏதாவது ஒன்றையாவது போட முடியும், ஒன்று கிழிந்தால் மற்றது இருக்கும். கைக்குழந்தை உள்ள வீடு மட்டும் இதற்கு விதிவிலக்கு.

நீளத்தையும் விட்டுவிடாதீர்கள். சுவர் சாய்ந்து இறங்குவதால், தரை 215 செ.மீ. இருந்தாலும் படுத்த நிலையில் முகத்துக்கும் காலுக்கும் அருகே துணி இறங்கி வந்துவிடும். 180 செ.மீ.க்கு மேல் உயரமானவர்கள் கடையிலேயே உள்ளே படுத்துப் பார்ப்பது நல்லது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. மெத்தையும் தலையணையும் போட்டே படுத்துப் பாருங்கள்.

முளை இல்லாமல் நிற்கிறதா?

மொத்தக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். கூடாரங்கள் நிற்கும் விதத்தில் மூன்று வகை.

முதல் வகை தானே நிற்பது. இரண்டு கம்பிகள் மேலே குறுக்கே கடந்து நான்கு மூலைகளிலும் ஊன்றிக்கொள்ளும். உள்ளே யாரும் இல்லாதபோது உச்சியைப் பிடித்துத் தூக்கி அப்படியே பத்தடி தள்ளி வைக்கலாம்; வடிவம் குலையாது. இரண்டாவது வகை பாதி நிற்கும். தலைப்பக்கம் இரண்டு மூலைகளுக்கும் கம்பி வரும், கால்பக்கம் ஒரே கம்பி. அந்தப் பக்கத்து மூலைகளை முளை அடித்து இழுத்தால்தான் தரை விரியும். மூன்றாவது வகைக்குக் கம்பியே கிடையாது. மலையேறும்போது ஊன்றும் நடைக்கோல்களை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் முளை அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். இருப்பதிலேயே லேசானவை இந்த மூன்றாம் வகையில்தான் கிடைக்கும். சிமென்ட் தரையில் இருப்பதிலேயே பயனற்றவையும் இவையே.

விளம்பரத்தில் இரண்டாம் வகையையும் "தானே நிற்கும்" என்று போட்டுவிடுகிறார்கள். கடையில் சோதிப்பது எளிது. பளபளத்த தரையில் முளை இல்லாமல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கு மூலையும் விரிந்து, ஜிப் தடுக்காமல் ஓடினால் தேறியது. மூலை சுருங்கி நின்றாலோ, தரைத்துணி தொளதொளவென்று கிடந்தாலோ அது பாதி நிற்கும் வகை.

தானே நிற்கிறது என்பதற்காக அப்படியே விட்டுவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலியான கூடாரம் காற்றில் உருண்டோடும் வேகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். போட்ட உடனே உள்ளே நான்கு மூலைகளிலும் ஏதாவது பாரம் வையுங்கள். வெளியே, மூலை வளையத்தில் கயிற்றைக் கோத்துத் தண்ணீர் நிரம்பிய கேனிலோ செங்கல்லிலோ கட்டலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காற்று வீசும் இடத்தில் மூலைக்கு ஒரு புட்டி போதாது, பத்து லிட்டர் கேன் போன்ற கனம் வேண்டும். கல் கிடைக்கும் இடமானால் இன்னொரு வழி உண்டு. கயிற்றின் நுனியை ஒரு சின்னக் கல்லிலோ குச்சியிலோ கட்டிக் கீழே வைத்து, அதற்கும் கூடாரத்துக்கும் இடையே கயிற்றின் மேலேயே பெரிய கல் ஒன்றை ஏற்றிவிடுங்கள். கயிறு இழுத்தால் சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டி நின்றுவிடும். பெரிய கல்லைச் சுற்றிக் கட்டினால் கூர்மையான விளிம்பில் கயிறு உரசி அறுந்துபோகும். இந்த முறையில் அந்தப் பயம் குறைவு.

முன்னால் இருக்கும் தாழ்வாரத்துக்கு, அதாவது மழை தாங்கும் மேல்துணி வாசலுக்கு முன்னே நீண்டு செருப்பும் பையும் வைக்க இடம் தருகிற பகுதிக்கு, பெரும்பாலும் முளை வேண்டியிருக்கும். அதையும் இப்படிக் கல்லிலோ கேனிலோ இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஒற்றைத் துணியா, இரட்டையா?

இரட்டை. புதியவர்களுக்கு நான் வேறு பதில் சொல்லமாட்டேன்.

காரணம் நம் மூச்சுதான். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து இரவு முழுக்க வெளியேறும் ஈரத்தைச் சேர்த்தால் ஒரு டம்ளர் தண்ணீராவது தேறும். வெளியே குளிர்ந்த துணியில் பட்டதும் அது துளித்துளியாகப் படிந்துவிடும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் விடியற்காலையில் கையை உயர்த்தினால் கை நனையும். புரண்டு படுத்தால் போர்வை நனையும். "கூடாரம் ஒழுகுகிறது" என்று புகார் சொல்பவர்களில் பலர் சொல்வது இந்த ஈரத்தைத்தான். இரட்டையில் உள்கூடாரம் தனி, மழை தாங்கும் மேல்துணி தனி. ஈரம் மேல்துணியின் அடிப்பக்கத்தில் படிந்து, உங்கள்மேல் படாமல் வழிந்து இறங்கிவிடும். இரண்டு துணிகளும் ஒன்றையொன்று தொடாமல் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும், மேலே காற்றுத் திறப்பும் வேண்டும். மழை பெய்தாலும் அந்தத் திறப்பை மூடாதீர்கள்.

உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் வெப்பத்தில் சுகம், ஆனால் மண்டபத்துக்குள் மேல்துணி இல்லாமல் போட்டால் எல்லாம் தெரியும். இடுப்பு உயரம்வரை துணியும் அதற்கு மேல் வலையும் உள்ளதை எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தும். வெளிர்நிற மெல்லிய துணியில், உள்ளே விளக்கு ஏற்றியதும் நிழல் அப்படியே வெளியே விழும் என்பதையும் யோசியுங்கள். விளக்கை உச்சியில் தொங்கவிடாமல் தரையில் ஓரமாக வைத்தால் கொஞ்சம் குறையும்.

துணி, தையல், கம்பி

பெட்டியில் இருக்கும் எண்களில் இரண்டைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று டினியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். 15 டினியர் துணி கண்ணாடி மாதிரி மெல்லியது, 70 டினியர் முரட்டுத்தனத்தைத் தாங்கும். பழக்கமில்லாத பலபேர் கைபடப் போகிற கூடாரத்துக்கு மேல்துணி 20 முதல் 40, தரை அதைவிடக் கொஞ்சம் தடிப்பு என்று பாருங்கள்.

இன்னொன்று மி.மீ. கணக்கில் வரும் நீர்த்தாங்கு திறன். துணிமேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எந்த உயரத்தில் துளி கசிகிறதோ அதுதான் அந்த எண். மேல்துணிக்கு 1,500 மி.மீ. இருந்தால் சாதாரண மழைக்குப் பயமில்லை. தரைக்கு 3,000 நல்லது, ஏனென்றால் ஈரமண்ணில் நீங்கள் முட்டி போடும்போது அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் பலமடங்கு ஏறும். 10,000 என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். தையல் மோசமாக இருந்தால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல்துணியின் உட்புறத்தில் தையல் நெடுக விரல் அகலத்துக்கு ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும். மூன்று துணிகள் சேரும் முனைகளிலும், கயிறு கட்டும் வளையங்கள் தைத்த இடங்களிலும் குறிப்பாகப் பாருங்கள். நாடா விட்டுப்போவது அங்கேதான். சிலிக்கான் பூசிய நைலானில் நாடா ஒட்டாது. அதற்குத் தனிப் பசை வாங்கி நீங்களே தடவ வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நைலானா பாலியஸ்டரா என்பதில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். அதே எடைக்கு நைலான் வலு அதிகம், நனைந்தால் தொய்யும். பாலியஸ்டர் தொய்வது குறைவு, வெயிலையும் கூடுதல் நாள் தாங்கும்.

கம்பி அலுமினியமாக இருக்கட்டும். கண்ணாடியிழைக் கம்பி மலிவு, ஆனால் கனம்; பழசானால் நெடுக்குவாட்டில் பிளந்து சிலாம்பாய்க் கையில் ஏறும். அலுமினியம் வளைந்தால்கூட ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம். அதற்கென்று நாலு அங்குலக் குழல் ஒன்று பையோடு தருவார்கள், தொலைத்துவிடாதீர்கள். உடைந்த இடத்தின்மேல் அதைச் சொருகி இரண்டு பக்கமும் டேப் சுற்றினால் அந்த இரவு கழியும்.

கம்பியைத் துணிக்குள் நுழைக்க நீள உறை வைத்த கூடாரங்களும் உண்டு, கொக்கி மாட்டுகிறவையும் உண்டு. இருட்டில் கொக்கிதான் வேகம். உறை வைத்ததானால், கம்பியை எப்போதும் தள்ளியே நுழைக்க வேண்டும், கழற்றும்போதும் தள்ளியே எடுக்க வேண்டும். மறுமுனையைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் நீண்டு, துண்டுகள் உறைக்குள் பிரிந்து, ஒவ்வொரு இணைப்பும் துணியில் சிக்கிக்கொள்ளும். முதல் தடவை போடுகிற எல்லாரும் செய்வது இது.

மழையில் போடும்போது உதவும் ஒன்று: மேல்துணியை முதலில் நிறுத்தி, அதற்கடியில் உள்கூடாரத்தை மாட்டும் வகை. மற்ற வகையில் உள்கூடாரம்தான் முதலில் எழும், மேல்துணி போர்த்துவதற்குள் தரை குளமாகிவிடும். இரண்டையும் மாட்டியபடியே நிறுத்தக்கூடிய கூடாரம் கிடைத்தால் அதை எடுங்கள்.

தூக்கி எறிந்தால் தானே விரியும் கூடாரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். விரிப்பது ஒரு நொடி, உண்மைதான். மடித்தால் முக்கால் மீட்டர் அகலத் தட்டாக நிற்கும், பைக்குள் போகாது. திரும்ப மடிப்பதற்கும் ஒரு லாகவம் வேண்டும். காரில் போகிறவர்களுக்குச் சரி. நடந்து வெளியேற வேண்டியவர்களுக்கு வேண்டாம்.

இப்போது தராசு

பெட்டியில் இரண்டு எடை எழுதியிருக்கும். குறைந்தது என்பது துணியும் கம்பியும் மட்டும். முளை, கயிறு, உறை எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் உண்மையில் தூக்குவது; இரண்டுக்கும் 200 முதல் 400 கிராம் வித்தியாசம் வரலாம். இரண்டாவது எண்ணையே ஒப்பிடுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாமும் உள்ள இரண்டு பேர் கூடாரம் ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோவுக்குள் கிடைக்கும். புதியவர்களுக்கு அதுவே போதும். ஒன்றேகால் கிலோவுக்குக் கீழே போனால் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்: துணி மெல்லியதாக இருக்கும், அல்லது பாதி நிற்கும் வகையாக இருக்கும், அல்லது விலை எங்கோ இருக்கும். மூன்றரைக் கிலோவைத் தாண்டினால் கண்ணாடியிழைக் கம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். அவசரப் பையில் தண்ணீரும் மருந்தும் உணவும்தான் கனம். கூடாரத்தில் 300 கிராம் மிச்சம் பிடிக்கக் கூடுதலாகப் பணம் கொட்டுவதைவிட அந்தப் பணத்துக்கு நல்ல மெத்தை ஒன்று வாங்கலாம். சிமென்ட் தரையின் குளிரையும் கடினத்தையும் கூடாரம் தடுக்காது, மெத்தைதான் தடுக்கும். சுமையைப் பிரிப்பதும் எளிது: கம்பியும் முளையும் ஒருவர், துணி இன்னொருவர்.

வாங்கி வந்த பிறகு

அன்றைக்கே பிரித்துப் போடுங்கள். முளை எண்ணிக்கை, தையல், ஜிப் எல்லாம் சரியா என்று பார்த்து, குழாய்த் தண்ணீரை மேலே பத்து நிமிடம் பீய்ச்சுங்கள். குறை இருந்தால் மாற்றிக்கொள்ள அப்போதுதான் வழி. பிறகு வீட்டில் ஒவ்வொருவரும் ஒருமுறை தனியாகப் போடட்டும், ஒரு தடவையாவது டார்ச் வெளிச்சத்தில். கம்பி நுனியிலும் அது சேரும் மூலையிலும் ஒரே நிற டேப் ஒட்டிவிட்டால் படிக்கத் தெரியாத குழந்தைகூடப் போட்டுவிடும். செய்முறைத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள்ளேயே வையுங்கள். விடுமுறைக்கு முகாம் போகும்போதெல்லாம் இதையே எடுத்துப் போங்கள். அவசரத்துக்கென்று பிரிக்காமல் வைத்த கூடாரத்தில் என்ன குறை என்று அவசரத்தில்தான் தெரியும்.

இடம் பார்க்கும்போது பள்ளத்தையும் காய்ந்த ஓடையையும், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியையும் தவிர்க்கவும். வாசல் காற்று வரும் திசையைப் பார்க்காமல் அதற்கு மறுபக்கம் இருக்கட்டும். பக்கத்துக் கூடாரத்துக்கு இரண்டு மீட்டராவது விடுங்கள், தீ தாவும் ஆபத்து குறையும். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ கூடவே கூடாது, தாழ்வாரத்திலும்தான். துணி பற்றுவது ஒருபுறம்; எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குபவரை எழுப்பாது.

அடியில் தனி விரிப்பு போட்டால் தரை நீடிக்கும். அது கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே வழியும் மழையை ஏந்தி உங்கள் அடியிலேயே சேர்த்துவிடும்.

ஈரத்தோடு மடித்து வைப்பதுதான் கூடாரங்களைக் கொல்கிறது. பூஞ்சை ஒருபக்கம், அதைவிட மோசம் துணியில் பூசியிருக்கும் பாலியூரிதேன் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுப்பது. வழியில்லாமல் ஈரமாக மடித்தால் வீடு வந்ததும் நிழலில் விரித்து முழுக்க உலர்த்துங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் நிரந்தரமாக வைக்காதீர்கள். கதவருகே, அவசரப் பையோடு, தளர்வான துணிப்பையில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது போதும்.

யாரோ பயன்படுத்திய கூடாரம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்றால், தாராளமாக. மூன்றைச் சோதியுங்கள். பையைத் திறந்ததும் புளித்த வாடை அடிக்கிறதா, மேல்துணியை மடித்து உட்பக்கத்தை உட்பக்கத்தோடு சேர்த்து அழுத்திப் பிரித்தால் ஒட்டுகிறதா, கம்பியை மடித்து விட்டால் எலாஸ்டிக் தானே துண்டுகளைச் சேர்க்கிறதா. எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் கவலை இல்லை, புதிதாகக் கோத்துக்கொள்ளலாம். வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்; மழைக்கு அது நிற்காது.